அத்தியாயம் 6: பாக்கியைக் கேட்பது, போனிலும் எழுத்திலும்

பில் போட்டுவிட்டுப் பணத்துக்குக் காத்திருப்பவருக்கான அத்தியாயம் இது. திருப்பூரில் எம்பிராய்டரி, பிரிண்டிங், கம்பாக்டிங் என்று ஜாப் ஒர்க் எடுக்கும் சிறு யூனிட் ஒன்றை மனதில் வைத்து எழுதியிருக்கிறேன். கோவையில் லேத் பட்டறை நடத்துபவரும் கரூரில் தறி ஓட்டுபவரும் இதே வரிசையைப் பின்பற்றலாம். சரக்கின் பெயரை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள்.

ஆர்டர் பிடிக்கும்போது சரளமாகப் பேசுகிறவர்கள் பணம் கேட்கும்போது தடுமாறுவதை நிறையப் பார்க்கலாம். சிலர் கைமாற்றுக் கேட்பவரைப் போலக் குழைகிறார்கள். சிலர் மூன்று மாதம் வாயைத் திறக்காமல் இருந்துவிட்டு ஒரே நாளில் சண்டைக்குப் போகிறார்கள். இரண்டு வழியிலும் தேதி கிடைக்காது. செய்து முடித்த வேலைக்கான கூலியைத்தான் நீங்கள் கேட்கிறீர்கள். அதற்குக் கையில் நான்கு விவரம் வேண்டும்: பில் எண், தொகை, கெடு தேதி, அடுத்து அவர்கள் தரும் தேதி.

அத்தியாயம் முழுவதற்கும் ஒரே விதி: பேசியதை அன்றே எழுதி அனுப்புங்கள், எழுதி அனுப்பியது கிடைத்ததா என்று மறுநாள் பேசிக் கேளுங்கள். போனில் மட்டும் பேசினால் "அப்படிச் சொல்லவே இல்லையே" என்று ஒரு நாள் கேட்பார்கள். எழுத்தை மட்டும் அனுப்பினால் அது திறக்காமலே கிடக்கும்.

போனை எடுக்கும் முன்

1. பில், டெலிவரி சலான் (டிசி), பர்ச்சேஸ் ஆர்டர் மூன்றையும் மேசையில் வையுங்கள். டிசியில் 12,300 பீஸ், பில்லில் 12,350 பீஸ் என்று இருந்தால் கம்பெனியில் அந்தப் பில் பாஸ் ஆகாது. அதை யாரும் உங்களைக் கூப்பிட்டுச் சொல்லவும் மாட்டார்கள்.

2. டிசியில் வாங்கியவரின் கையெழுத்தும் சீலும் தேதியும் இருக்கின்றனவா என்று பாருங்கள். பின்னால் சட்டம் வரை போக நேர்ந்தால் எல்லாக் கணக்கும் அந்தத் தேதியிலிருந்துதான் தொடங்கும்.

3. கையில் வர வேண்டிய தொகையைக் கணக்கிடுங்கள். இங்கேதான் அதிகம் பேர் சறுக்குகிறார்கள். ஜாப் ஒர்க் பில்லில் கம்பெனி டிடிஎஸ் பிடிக்கும். தொழில் தனிநபர் பெயரில் இருந்தால் 1%, பார்ட்னர்ஷிப் அல்லது கம்பெனி என்றால் 2%. பில்லில் ஜிஎஸ்டியைத் தனியாகக் காட்டியிருந்தால் பிடித்தம் கூலித் தொகைக்கு மட்டும். ஓர் உதாரணம்: 12,300 பீஸ், பீஸுக்கு ரூ.15 என்றால் கூலி ரூ.1,84,500. ஜிஎஸ்டி ரூ.9,225 சேர்த்தால் ரூ.1,93,725. டிடிஎஸ் ரூ.1,845 போக உங்களுக்கு வர வேண்டியது ரூ.1,91,880. இந்தக் கடைசி எண்ணைத்தான் நீங்கள் சொல்ல வேண்டும். பில் தொகையைச் சொன்னால் பேச்சு டிடிஎஸ் பக்கம் திரும்பி, தேதி கேட்காமலே முடிந்துவிடும்.

4. ஏற்கெனவே பகுதிப் பணம் வந்திருந்தால் அது எந்தப் பில்லுக்கு என்று எழுதி வையுங்கள். "மொத்தமா மூணு லட்சம் சொச்சம் நிக்குது" என்பதை வைத்துக்கொண்டு கணக்குப் பிரிவில் எதையும் தேட முடியாது.

5. ஒரு தாளும் பேனாவும் பக்கத்தில் இருக்கட்டும். யார் பேசினார், எந்த நேரம், என்ன தேதி சொன்னார் என்பதைப் பேசும்போதே குறித்துக்கொள்ளுங்கள்.

யாரிடம், எப்போது

ஏற்றுமதி கம்பெனியில் உங்களுக்குப் பழக்கமானவர் மெர்ச்சண்டைசர் அல்லது புரொடக்‌ஷன் மேனேஜர். வேலை கொடுத்தவர் அவர். பணம் போடுபவர் கணக்குப் பிரிவில் இருக்கிறார். ஆகவே மெர்ச்சண்டைசரிடம் கேட்க வேண்டியது "பில்லில் கையெழுத்துப் போட்டு அக்கவுண்ட்ஸுக்கு அனுப்பிட்டீங்களா?" என்ற ஒன்றுதான். அனுப்பிவிட்டார் என்று தெரிந்தபின் கணக்கரிடம் பேசுங்கள். முதலாளியிடம் நேராகப் போவது கடைசியில். முதல் வாரத்திலேயே முதலாளிக்குப் போன் போட்டால் கணக்கர் உங்கள் பில்லை அடியில் வைப்பார். அவரையும் குறை சொல்ல முடியாது. தன் தலைக்கு மேல் போனால் யாருக்கும் வருத்தம் வரும்.

திருப்பூரில் வாரக் கூலி சனிக்கிழமை பட்டுவாடா ஆகும் கம்பெனிகள் நிறைய. வெள்ளியும் சனியும் கணக்குப் பிரிவு அந்த வேலையில் மூழ்கியிருக்கும். செவ்வாய் முதல் வியாழன் வரை, காலை பதினொன்றிலிருந்து ஒன்றுக்குள் பேசுவது நல்லது. அந்தக் கம்பெனி எந்தக் கிழமை பேமெண்ட் போடுகிறது என்று ஒருமுறை கேட்டு வைத்துக்கொண்டால், அதற்கு இரண்டு நாள் முன்பு பேசலாம்.

முதல் போன்

கீழே உள்ளது மாதிரிப் பேச்சு. பில் தேதி ஜூன் 3, பேசிய கெடு 30 நாள், போன் பண்ணுவது ஜூலை 8.

நீங்கள்: "வணக்கமுங்க. எம்பிராய்டரி யூனிட்லருந்து பேசறேன். ரெண்டு நிமிஷம் பேசலாமுங்களா?"

கணக்கர்: "சொல்லுங்க."

நீங்கள்: "பில் நம்பர் 214, ஜூன் 3-ஆம் தேதி பில்லுங்க. டிடிஎஸ் போக ஒரு லட்சத்து தொண்ணூத்தோராயிரத்து எண்ணூத்தி எண்பது வரணும். ஜூலை 3 கெடு. அந்த பில் உங்க என்ட்ரியில ஏறியிருக்குதுங்களா?"

கணக்கர்: "ஏறியிருக்கு. பேமெண்ட்டுக்கு இன்னும் எடுக்கலை."

நீங்கள்: "சரிங்க. எந்தத் தேதி போடறீங்க?"

கணக்கர்: "அடுத்த வாரம் பார்க்கலாம்."

நீங்கள்: "அடுத்த வாரம்னா 14-ஆம் தேதி, திங்கக்கிழமைன்னு எழுதிக்கட்டுங்களா?"

கணக்கர்: "திங்கக்கிழமை கஷ்டம். புதன் வெச்சுக்கங்க."

நீங்கள்: "16, புதன். முழுத் தொகையும் வந்துருமுங்களா?"

கணக்கர்: "வந்துரும்."

நீங்கள்: "நல்லதுங்க. இதையே வாட்ஸ்அப்ல போட்டு விடறேன்."

இந்தப் பேச்சின் வரிசையைக் கவனியுங்கள். பணம் எப்போது வரும் என்று கேட்பதற்கு முன் பில் கணக்கில் ஏறியதா என்று கேட்டாயிற்று. ஏறவில்லை என்றால் தேதி கேட்டுப் பயனில்லை. பில் எங்கே நிற்கிறது என்று கண்டுபிடிப்பதுதான் அன்றைய வேலை. "அடுத்த வாரம்" என்ற பதில் ஒரு தேதியாக மாறியது. அந்தத் தேதியை நீங்கள் முன்வைத்தீர்கள், அவர் திருத்தினார். தானே திருத்திச் சொன்ன தேதியை மனிதர்கள் மறப்பது குறைவு.

குறிப்பு: "எந்தத் தேதி போடறீங்க?" என்று கேட்டபின் பேசாமல் இருங்கள். நான்கைந்து நொடி அமைதி வந்தால் பதற்றத்தில் நாமே "இல்லாட்டி மாசக் கடைசியில போடுங்க, பரவால்லீங்க" என்று சொல்லிவிடுவோம். அவர் கேட்காத கெடுவை நாமே கொடுப்பது இது.

குறிப்பு: பேச்சில் "அண்ணா", "ங்க" எல்லாம் வரட்டும். கொங்குப் பக்கத்தில் அது மரியாதை. அதை விட்டுவிட்டுப் பேசினால்தான் முகம் சுருங்கும். ஆனால் எழுத்தில் "சார்", "மேடம்", கடிதத்தில் "ஐயா", "அம்மா" என்று எழுதுங்கள். அந்த எழுத்து நாளை ஆடிட்டர் கைக்கும் போகலாம், வழக்கு மன்றத்துக்கும் போகலாம்.

அவர்கள் சொல்வதும் நீங்கள் கேட்க வேண்டியதும்

பணம் நிற்பதற்குக் காரணம் பல. பில் தொலைந்திருக்கலாம், அளவு ஒத்துவராமல் இருக்கலாம், உண்மையிலேயே அவர்களிடம் பணம் இல்லாமல் இருக்கலாம். கொடுக்கும் எண்ணமே இல்லாதவர்கள் குறைவு என்றே நினைக்கிறேன். எது காரணம் என்று தெரியாமல் ஒரே குரலில் கேட்டுக்கொண்டே இருந்தால் ஆறு மாதம் ஓடிவிடும். ஒவ்வொரு பதிலுக்கும் அடுத்த கேள்வி ஒன்று உண்டு.

"பில் வரலைங்க." உடனே, "இப்பவே அனுப்பறேன். எந்த நம்பருக்கு, யார் பேருக்கு?" என்று கேட்டு, பில்லையும் கையெழுத்திட்ட டிசியையும் பேசிக்கொண்டிருக்கும்போதே அனுப்புங்கள். "வந்திருச்சுங்களா?" என்று கேட்டுவிட்டு வையுங்கள்.

"பையர் பேமெண்ட் வரலை." திருப்பூரில் அதிகம் கேட்கும் பதில் இதுதான், பல சமயம் உண்மையும்கூட. ஷிப்மென்ட் போய் வெளிநாட்டுப் பணம் வர நாளாகும். இதற்கு வாதாட வேண்டாம். "புரியுதுங்க. எனக்கும் சனிக்கிழமை கூலி இருக்குது. இந்த வாரம் பாதியும், மீதிக்கு ஒரு தேதியும் சொல்லுங்க" என்று பாதித் தொகையை எண்ணாகவே சொல்லிக் கேளுங்கள். "ஏதாச்சும் கொடுங்க" என்றால் பத்தாயிரம் வரும்.

"செக் ரெடி, எம்.டி. கையெழுத்துப் போடணும்." எம்.டி. எந்த நாள் அலுவலகம் வருவார் என்று கேளுங்கள். அன்று மாலை நேரில் போங்கள்.

"ஆடிட் நடக்குது." ஆடிட் எந்தத் தேதி முடியும், அதற்கு மறுநாள் யாரைக் கூப்பிடுவது? இரண்டையும் வாங்கிக்கொண்டு வையுங்கள்.

"பீஸ் டேமேஜ், டெபிட் போட்டிருக்கோம்." இதில்தான் நிதானம் அதிகம் வேண்டும். கோபப்படவும் வேண்டாம், உடனே ஒத்துக்கொள்ளவும் வேண்டாம். மூன்று கேள்வி கேளுங்கள்: எத்தனை பீஸ், எந்த டிசி, எந்தத் தேதியில் எழுத்தில் தெரிவித்தீர்கள்? சரக்கு ஒப்படைத்த நாளிலிருந்து 15 நாளுக்குள் எழுத்தில் ஆட்சேபம் வராவிட்டால் சரக்கை ஏற்றுக்கொண்டதாகவே குறு, சிறு தொழில் சட்டம் கருதுகிறது. அதைப் போனில் சட்டமாகச் சொல்லாமல், "டேமேஜ் பீஸைப் பார்க்க நாளைக்கு வரட்டுங்களா?" என்று கேளுங்கள். உண்மையான டேமேஜ் இருந்தால் அந்தப் பீஸ்களுக்கான தொகையை மட்டும் பிரித்து, மீதிக்குத் தேதி வாங்குங்கள். நூறு பீஸ் தகராறுக்காக 12,300 பீஸின் பணத்தையும் நிறுத்தி வைக்க இடம் கொடுக்காதீர்கள்.

"ரவுண்ட் பண்ணிக்கலாம்." ஆயிரம் இரண்டாயிரம் குறைப்பது உங்கள் விருப்பம். குறைத்தால் நிபந்தனையோடு குறையுங்கள்: "16-ஆம் தேதிக்குள்ள வந்தா மட்டும் ஆயிரத்து எண்ணூத்தி எண்பது தள்ளிக்கலாமுங்க." தேதி இல்லாத தள்ளுபடியை வாங்கிக்கொண்டு, பணத்தையும் தள்ளிப்போடுவார்கள்.

பேசி முடித்ததும் எழுத வேண்டிய செய்தி

போனை வைத்த பத்து நிமிடத்துக்குள் வாட்ஸ்அப் போக வேண்டும். சாயங்காலம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் அன்றைக்குப் போகாது.

இப்படி எழுதாதீர்கள்: "சார், பேமெண்ட் கொஞ்சம் பார்த்துப் போட்டு விடுங்க. ரொம்பக் கஷ்டமா இருக்கு. ப்ளீஸ்." இதில் பில் எண் இல்லை, தொகை இல்லை, தேதி இல்லை. படிப்பவர் செய்ய வேண்டியது எது என்று தெரியவில்லை. கஷ்டத்தைச் சொல்லி இரக்கம் கேட்டால், உங்களை விடக் கஷ்டப்படும் ஒருவர் வரும்போது உங்கள் முறை தள்ளிப்போகும்.

இப்படி எழுதுங்கள்:

"வணக்கம் சார். இன்று (8.7) காலை 11.20-க்குப் பேசியபடி: பில் 214, தேதி 3.6, டிடிஎஸ் போக ரூ.1,91,880. வரும் புதன் 16.7 அன்று முழுத் தொகையும் போடுவதாகச் சொன்னீர்கள். பில், டிசி நகல் இத்துடன். விவரம் சரி என்றால் ஒரு 'சரி' அனுப்புங்கள். நன்றி."

அந்தக் கடைசி வாக்கியம் முக்கியம். அவர் அனுப்பும் "சரி" என்ற ஒற்றைச் சொல்லால் தேதியை அவரே எழுத்தில் ஏற்றதாகிவிடும். பதில் வராவிட்டால் மறுநாள், "நேத்து அனுப்பினது பார்த்தீங்களா?" என்று அரை நிமிடம் பேசுங்கள்.

கவனிக்க வேண்டியவை:

1. ஒரு செய்தியில் ஒரு விஷயம். பணம் கேட்கும் செய்தியிலேயே புது ஆர்டர் பற்றியும் கேட்டால், பதில் ஆர்டருக்கு மட்டும் வரும்.

2. குரல் பதிவாக அனுப்பாதீர்கள். கணக்குப் பிரிவில் பத்துப் பேர் நடுவில் அதை யாரும் போட்டுக் கேட்க மாட்டார்கள், பிறகு தேடவும் முடியாது.

3. அந்த உரையாடலில் மறையும் செய்தி வசதி இயங்குகிறதா என்று பாருங்கள். இயங்கினால் அணைத்துவிடுங்கள். மின்னணுப் பதிவுகளை உரிய சான்றிதழோடு சாட்சியமாக ஏற்க 2023-ஆம் ஆண்டின் பாரதிய சாட்சிய அதிநியமத்தில் வழி இருக்கிறது. அழிந்துபோன செய்திக்கு எந்த வழியும் இல்லை. மாதம் ஒருமுறை உரையாடலை மின்னஞ்சலுக்கு அனுப்பிச் சேமித்து வையுங்கள்.

4. கணக்கரின் சொந்த எண்ணுக்கு அனுப்பும் அதே விவரத்தைக் கம்பெனியின் மின்னஞ்சலுக்கும் அனுப்புங்கள். அவர் வேலையை விட்டுப் போனால் உங்கள் எழுத்தும் அவரோடு போய்விடக் கூடாது.

மின்னஞ்சலில் பொருள் வரியே பாதி வேலையைச் செய்யும். "பேமெண்ட் தொடர்பாக" என்று எழுதினால் அதே போன்ற நாற்பது மடல்களில் ஒன்றாகக் கிடக்கும். "பில் 214, ரூ.1,91,880, கெடு 3.7.2025" என்று எழுதுங்கள். உள்ளே ஐந்து வரி போதும். தமிழில் எழுதத் தயங்க வேண்டாம். கணக்கர் தமிழர் என்றால் தமிழில் படித்து உடனே புரிந்துகொள்வார். வடநாட்டு மேலாளர் இருந்தால் ஆங்கிலத்தில் எழுதுங்கள். அப்போதும் சின்னச் சின்ன வாக்கியமாக, பில் எண்ணிலிருந்து தொடங்குங்கள். இணையத்தில் கிடைக்கும் வளைந்து நெளிந்த ஆங்கிலக் கடிதங்களை நகலெடுக்காதீர்கள். படிப்பவர் தொகையைத் தேட வேண்டியிருக்கும்.

நாட்காட்டி

1. கெடுவுக்கு ஐந்து நாள் முன்: பில் பாஸ் ஆனதா என்று மட்டும் கேட்கும் ஒரு வாட்ஸ்அப். பணம் கேட்கும் தொனி வேண்டாம்.
2. கெடு அன்று: எதுவும் அனுப்ப வேண்டாம். வங்கிக் கணக்கைப் பாருங்கள்.
3. கெடு முடிந்து மூன்று முதல் ஐந்து நாளுக்குள்: முதல் போன், உடன் எழுத்து.
4. அவர் சொன்ன தேதி தவறினால் மறுநாளே: இரண்டாம் போன். ஒரு வாரம் விட்டுப் பேசினால் தேதிக்கு மதிப்பில்லை என்று நீங்களே சொன்னதாகும்.
5. இரண்டாம் தேதியும் தவறினால்: நேரில் போங்கள். மின்னஞ்சலில் மேலாளரையும் சேருங்கள்.
6. சரக்கை ஏற்ற நாளிலிருந்து 45 நாள் தாண்டினால்: சட்டத்தைச் சொல்லும் கடிதம்.

நேரில் போகும்போது பில் நகலைக் கையில் கொண்டுபோங்கள். வரவேற்பில் "கணக்கரைப் பார்க்கணும்" என்று சொல்வதைவிட, "பில் 214-க்குத் தேதி வாங்க வந்திருக்கேன்" என்று சொல்லுங்கள். அவருடன் வேலை செய்பவர்கள் முன்னால் குரலை உயர்த்தாதீர்கள். தனியாக நிற்கும்போது கறாராகப் பேசலாம். பேசிவிட்டு வெளியே வந்து, வண்டியை எடுக்கும் முன் வாட்ஸ்அப்பை அனுப்பிவிடுங்கள்.

சட்டத்தைச் சொல்லும் கடிதம்

இந்தக் கடிதத்தின் பலம், குறு, சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கான உத்யம் பதிவில் இருக்கிறது. பதிவு இலவசம், ஆதார், பான் எண்களோடு இணையத்தில் செய்யலாம். வேலை எடுப்பதற்கு முன்பே பதிவு செய்து, எண்ணைப் பில்லில் அச்சடித்துவிடுங்கள். பாக்கி நின்றபின் ஓடிப்போய்ப் பதிவு செய்தால் பழைய பில்லுக்கு உதவுமா என்பதே வழக்காகிவிடும். இயந்திர முதலீடு ரூ.25 கோடியும் ஆண்டு விற்றுமுதல் ரூ.100 கோடியும் தாண்டாத யூனிட்டுகள் குறு, சிறு பிரிவுக்குள் வரும். 2025 ஏப்ரல் 1 முதல் உள்ள வரம்பு இது.

தெரிந்திருக்க வேண்டிய அளவுக்குச் சட்டம் இவ்வளவுதான். 2006-ஆம் ஆண்டு குறு, சிறு, நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டத்தின் 15-ஆம் பிரிவுப்படி, எழுத்தில் ஒப்பந்தம் இருந்தால் அந்தத் தேதிக்குள், எப்படி இருந்தாலும் 45 நாளைத் தாண்டாமல் பணம் தர வேண்டும். ஒப்பந்தம் இல்லாவிட்டால் 15 நாள். தவறினால் 16-ஆம் பிரிவுப்படி, ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு, மாதா மாதம் கூட்டு வட்டி. விகிதம் 6% என்று வைத்துக்கொண்டால் வட்டி 18%. ரூ.1,91,880-க்கு மூன்று மாதத்தில் ஏறக்குறைய ரூ.8,765 ஆகும்.

கம்பெனியின் ஆடிட்டரை அசைப்பது இன்னொரு விதி. குறு, சிறு யூனிட்டுக்குக் கெடுவுக்குள் தராத பணத்தை, தந்த ஆண்டில்தான் செலவாகக் காட்ட முடியும். 2023-24 நிதியாண்டுக் கணக்கிலிருந்து இது நடைமுறையில் இருக்கிறது. 1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தில் 43பி(எச்) என்று ஆடிட்டர்கள் சொல்வது இதைத்தான். வெறும் வாங்கி விற்கும் வியாபாரிகளுக்கு இது பொருந்தாது, உற்பத்தியும் சேவையும் செய்பவர்களுக்குப் பொருந்தும். மார்ச் மாதம் கம்பெனிகளே கூப்பிட்டு உத்யம் சான்றிதழ் கேட்பதற்குக் காரணம் இது. அந்தச் சமயத்தில் சான்றிதழோடு நிலுவைப் பட்டியலையும் சேர்த்து அனுப்புங்கள்.

மாதிரிக் கடிதம்:

"பொருள்: பில் 214, தேதி 3.6.2025, நிலுவை ரூ.1,91,880.

ஐயா,

மேற்கண்ட பில்லுக்குரிய 12,300 பீஸ்கள் டிசி எண் 331 மூலம் 3.6.2025 அன்று தங்கள் செக்கிங் பிரிவில் ஒப்படைக்கப்பட்டன. சரக்கு குறித்து எழுத்தில் எந்த ஆட்சேபமும் எங்களுக்கு வரவில்லை. பேசிய கெடு 3.7.2025. பின்னர் 8.7.2025 அன்று தாங்கள் ஏற்ற தேதி 16.7.2025. இரண்டு தேதியிலும் பணம் வரவில்லை.

எங்கள் யூனிட் உத்யம் பதிவு பெற்ற குறு நிறுவனம். 2006-ஆம் ஆண்டு சட்டத்தின் 15, 16 பிரிவுகளின்படி தாமதத்துக்கு வட்டி கோர எங்களுக்கு உரிமை உண்டு. 31.7.2025-க்குள் அசல் தொகை முழுவதும் வந்துவிட்டால் வட்டியைக் கோர மாட்டோம். வராவிட்டால் வட்டியுடன் சேர்த்து வசதியாக்கல் மன்றத்தில் மனுச் செய்வோம்.

இணைப்பு: பில், டிசி, உத்யம் சான்றிதழ் நகல்கள்."

கடிதத்தில் வசை இல்லை, புகழ்ச்சியும் இல்லை. நடந்தது, சட்டம், கெடு, அடுத்து நடப்பது என்று வரிசையாக இருக்கிறது. "வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறோம்" போன்ற தொடர்களைச் சேர்க்க வேண்டாம். செய்யப் போவதாக எழுதியதை அந்தத் தேதிக்கு மறுநாள் செய்யத் தயாராக இருந்தால் மட்டும் அனுப்புங்கள். வெறும் மிரட்டலாகப் போன கடிதத்துக்குப் பின் உங்கள் எந்த எழுத்துக்கும் மதிப்பு இருக்காது.

கடிதத்தை மின்னஞ்சலிலும் ஸ்பீடு போஸ்டிலும் அனுப்பி, ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். குறு, சிறு நிறுவனங்களின் பாக்கிப் புகாரை விசாரிக்கும் வசதியாக்கல் மன்றத்துக்கான மனுவை மத்திய அரசின் இணையதளம் வழியாகவே கொடுக்கலாம். தமிழ்நாட்டில் சென்னை, கோவை, மதுரை, திருச்சியில் இந்த மன்றங்கள் இருக்கின்றன. மாவட்டத் தொழில் மையத்தில் விசாரித்தால் வழி சொல்வார்கள். மன்றத்தின் தீர்ப்பை எதிர்த்துக் கம்பெனி நீதிமன்றம் போக வேண்டுமானால் தீர்ப்புத் தொகையில் 75% கட்ட வேண்டும் என்பதால், மனுப் போட்டதுமே பேச வருபவர்களும் உண்டு.

செய்யக் கூடாதவை

1. வாட்ஸ்அப் குழுவில், ஸ்டேட்டஸில், சங்கக் கூட்டத்தில் கம்பெனியின் பெயரைப் போட்டு எழுதாதீர்கள். கேட்கும் உரிமை உங்களிடம் இருக்க, அவதூறு வழக்கு அவர்கள் கைக்குப் போய்விடும்.

2. ஆள் வைத்து மிரட்டுவது, கணக்கரின் வீட்டுக்குப் போவது, இரவில் தொடர்ந்து கூப்பிடுவது எல்லாம் குற்ற வழக்கில் முடியலாம். கணக்கர் சம்பளத்துக்கு வேலை செய்பவர். அவர் வீட்டாருக்கும் உங்கள் பில்லுக்கும் சம்பந்தமில்லை.

3. வங்கிக் கணக்கு எண்ணை ஒவ்வொரு செய்தியிலும் மாற்றி மாற்றித் தராதீர்கள். மின்னஞ்சலுக்குள் புகுந்து, "எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது" என்று உங்கள் பெயரில் எழுதிப் பணத்தைத் திருப்பிவிடும் மோசடி நடக்கிறது. முதல் பில்லிலேயே ஒரு வரி சேருங்கள்: "எங்கள் வங்கிக் கணக்கு விவரம் மாறினால் நேரில் கடிதம் தருவோம், மின்னஞ்சலிலோ வாட்ஸ்அப்பிலோ வரும் மாற்றத்தை, எங்களைப் போனில் கேட்காமல் ஏற்க வேண்டாம்." ஏமாந்துவிட்டது தெரிந்தால் அந்த நிமிடமே வங்கிக்கும் 1930 என்ற உதவி எண்ணுக்கும் சொல்லுங்கள்.

4. செக் வாங்கினால் மூன்று மாதத்துக்குள் போட வேண்டும். "கொஞ்சம் பொறுத்துப் போடுங்க" என்பதைக் கேட்டுக்கொண்டே இருந்து காலாவதி ஆக்கிவிடாதீர்கள். செக் திரும்பினால் வங்கி தெரிவித்த 30 நாளுக்குள் எழுத்தில் நோட்டீஸ் போக வேண்டும். அதை வக்கீல் எழுதட்டும்.

5. மூன்று ஆண்டு தாண்ட விடாதீர்கள். பாக்கிக்கு வழக்குப் போடும் காலவரம்பு பொதுவாக மூன்று ஆண்டு. அது முடிவதற்குள் கம்பெனி கையெழுத்திட்டுப் பாக்கியை ஒப்புக்கொண்டால் அன்றிலிருந்து புதிதாக எண்ணலாம். ஆகவே ஆண்டுதோறும் மார்ச் 31 தேதியிட்டு, "உங்கள் கணக்கில் எங்களுக்குத் தர வேண்டியது ரூ. இவ்வளவு" என்று ஒரு பக்க உறுதிக் கடிதம் எழுதி, கையெழுத்தும் சீலும் வாங்கி வையுங்கள். நல்ல உறவில் இருக்கும் கம்பெனியிடமும் கேளுங்கள். ஆடிட்டுக்கு வேண்டும் என்று சொன்னால் யாரும் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை.

பணம் வந்த அன்று

வந்தது தெரிந்த உடனே எழுதுங்கள்: "சார், இன்று ரூ.1,91,880 வந்து சேர்ந்தது, யூடிஆர் எண் கிடைத்தது. பில் 214-க்கு வரவு வைத்துவிட்டோம். நன்றி." மொத்தமாக ஐம்பதாயிரம் என்று பில் எண் சொல்லாமல் போட்டிருந்தால், எந்தப் பில்லில் வரவு வைக்கிறீர்கள் என்பதை நீங்களே எழுதித் தெரிவியுங்கள். பழைய பில்லிலிருந்து தொடங்குங்கள்.

அந்த வாரத்திலேயே அடுத்த ஆர்டர் வரும். பீஸ் இறங்குவதற்கு முன், பர்ச்சேஸ் ஆர்டரில் "டெலிவரியிலிருந்து 30 நாளில் பணம்" என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லி மெர்ச்சண்டைசருக்கு எழுதுங்கள். அவர் வாயால் சரி என்றால், "சரி என்றீர்கள், 30 நாள்" என்று அதையும் எழுதி அனுப்பிவிட்டு மெஷினை ஓட்டுங்கள்.